கே.ஏ. டு டி.என். – வழி: திம்பம்

வேறு மாநில நம்பர் பிளேட்டோடு தமிழ்நாட்டு ரோட்டில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். அதுவரை உங்களை ஏறெடுத்தும் பார்க்காத போலீஸ்காரர்களுக்கெல்லாம் உங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கும். வரிசையாகப் பத்து வண்டி போகும். ஒன்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பத்தாவது வண்டிக்கு மட்டும், "ஓரங்கட்டு!"

இத்தனைக்கும் சட்டம் ஒன்றும் அவ்வளவு கறார் இல்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவைப் படித்தால், ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புது நம்பர் வாங்க வேண்டும். வேலை மாற்றலாகி வந்தவர்களுக்கு இது போதும். ஆனால் அடுத்த மாநிலத்துக்காரரிடம் பழைய வண்டியை விலைக்கு வாங்கி வந்தால் கதையே வேறு. அங்கே நம்பரும் மாறணும், பேரும் மாறணும். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் நம்பர் என்போம். மைசூரில் ஒரு பெரியவரைப் பார்க்கும் வரை நானும் இதைப் பற்றி யோசித்ததில்லை.

ஈரோடு ஜில்லாவில் இருக்கும் என் நண்பருக்கு யெஸ்டி பைத்தியம். புதிதாக வந்திருக்கும் யெஸ்டி அல்ல. அது 2022-ல் வேறு கம்பெனி மறுபடி கொண்டுவந்தது. இவருக்கு வேண்டியது பழைய டூ ஸ்ட்ரோக் ரோட்கிங். 250 சி.சி., இரண்டு சைலன்ஸர், தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடலாம் என்கிற மாதிரி ஒரு சத்தம். உதைத்து ஸ்டார்ட் செய்கிற கிக்கரையே முன்னால் மடக்கினால் அதுதான் கியர். கஞ்சத்தனமா, கெட்டிக்காரத்தனமா என்று இன்றுவரை சர்ச்சை ஓடுகிறது. மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தவை எல்லாம். 1996-ல் தொழிற்சாலையை மூடினார்கள். ஆனாலும் ஸ்பேர் பார்ட்ஸும், அதை மாட்டத் தெரிந்த கைகளும் இன்னும் மைசூரில்தான் அதிகம். யெஸ்டிக்காரர்களுக்கு அது காசி.

அந்தக் காசியில் 1992 மாடல் ரோட்கிங் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. நம்பர் கே.ஏ. 09-ல் தொடங்கும். ஒரே ஓனர், ரிட்டயர்ட் வாத்தியார். "துணைக்கு வா மாப்ளே, கணக்குத் தெரிஞ்ச ஆளு" என்றார் நண்பர். பி.காம். படித்தால் இப்படிப்பட்ட மரியாதை எல்லாம் கிடைக்கும்.

பெரியவர் வீட்டில் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு ஃபைலைக் காட்டினார். 1992-ல் வாங்கிய பில். 15 வருஷம் முடிந்து 2007-ல் பதிவைப் புதுப்பித்த ரசீது. பிறகு 2012, 2017, 2022 என்று 5 வருஷத்துக்கு ஒரு ரசீது. இன்ஷூரன்ஸ் ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை. எனக்கு என் கல்யாணப் பத்திரிகை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

விலை பேச ஐந்து நிமிஷம்தான் ஆனது. அதற்கப்புறம் பெரியவர் மைசூர்த் தமிழில் ஒரு நிபந்தனை போட்டார்.

"நோடப்பா மரி, காசு இவத்து குடு, நாளை குடு, பரவாயில்லை. ஆனா என் ஹெசரு அந்த ஆர்.சி.யில இருந்து போகணும். போற வரைக்கும் நான் தினா போன் பண்ணுவேன். கோபப்படக்கூடாது."

ஹெசரு என்றால் பெயர். நண்பர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் பெரியவர் ஃபைலில் இருந்து அடுத்து எடுத்தது ஒரு பேப்பர் கட்டிங். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு அது. 2007-ல் ஒருவர் தன் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. கார் பல கை மாறியது. எவருமே பெயர் மாற்றவில்லை. 2009-ல் விபத்து; ஒரு சிறுவன் இறந்துபோனான். நஷ்டஈடு யார் தருவது? ஆர்.சி. புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், அவர்தான் பொறுப்பு என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஸ்டீயரிங்கைத் தொட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆன மனிதர்!

நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆபீஸ் நண்பருக்கு பைக்கை விற்கிறோம். 29, 30 என்று இரண்டு பாரத்தில் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். "அப்புறம் மாத்திக்கறேன்டா" என்கிறார் அவர். அந்த அப்புறம் வருவதே இல்லை. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வெளி மாநிலத்துக்குப் போகும் வண்டி என்றால் 45 நாள், வாங்கியவருக்கு 30 நாள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. வண்டியை விற்ற சந்தோஷத்தில் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பவர் நாட்டில் எத்தனை பேர்? மைசூரில் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரிடமே போய் மாட்டிக்கொண்டோம்.

வெளி மாநில வண்டிக்கு முதல் படி என்.ஓ.சி. தடையில்லாச் சான்று. பிறந்த வீட்டு ஆர்.டி.ஓ., "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, பாக்கி இல்லை, கேஸ் இல்லை" என்று எழுதித் தரும் சீட்டு. பாரம் நம்பர் 28. அதில் சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி ஒட்ட வேண்டும். சின்ன வயசில் நாலணா மேல் பேப்பர் வைத்துத் தேய்ப்போமே, அதே டெக்னிக்தான். விண்வெளிக்கு ராக்கெட் விட்டாலும் நம் மோட்டார் வாகனத் துறை பென்சிலை விடவில்லை. வண்டி திருட்டு வண்டி அல்ல என்று குற்றப் பதிவேட்டில் பார்த்தாக வேண்டும். எந்த ஊர் ஆபீஸில் பதியப் போகிறோம் என்பதையும் அதிலேயே எழுதணும். ஒரு ஊருக்கு வாங்கிக்கொண்டு இன்னொரு ஊர் கவுன்ட்டரில் போய் நிற்க முடியாது. விண்ணப்பம் கொடுத்து 30 நாளுக்குள் மறுக்கவில்லை என்றால் கொடுத்த மாதிரியே கணக்கு என்றும் சட்டத்தில் ஒரு வரி உண்டு. படிக்க நன்றாக இருக்கும். வேறு ஊர் ஆபீஸில் போய் அந்த வரியைக் காட்டி வேலை முடித்தவரை நான் பார்த்ததில்லை.

என்.ஓ.சி. வந்த தகவலை பெரியவரே போனில் சொன்னார். நாங்கள் பஸ்ஸில் மைசூர் போய்ச் சேர்ந்தோம்.

கிளம்பும்போது அவர் கொடுத்த சீதனம்: ஒரு பாட்டில் டூ-டி ஆயில், அதை அளக்கப் பழைய இருமல் மருந்துக் குப்பி ஒன்று, ஒரு செட் ஸ்பார்க் ப்ளக், பிறகு ஒரு அட்வைஸ். "திம்பம் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரைப் பூராவும் மூடிட்டு இறங்காதே மரி. நடுநடுவே கிளட்சைப் பிடிச்சு, கொஞ்சம் கொடு." இதில் விஷயம் இருக்கிறது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுகிற இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு, பெட்ரோல் போனால்தான் கூடவே ஆயிலும் போகும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடினால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் மட்டும் போகாது. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் பட்டென்று நின்றுவிடும். கொண்டை ஊசி வளைவில் அது நின்றால் நாமும் அங்கேயே நிற்கப்போவதில்லை, நேரே பண்ணாரிதான்.

மைசூரில் இருந்து நஞ்சன்கூடு அரை மணி. நம் தாத்தாக்கள் காலத்துப் பல்பொடி ஞாபகம் வந்து, ஒரு சீப்பு ரசபாளெ வாழைப்பழம் வாங்கினோம். அடுத்து சாம்ராஜ்நகர். ரோடு நன்றாகவே இருந்தது. அதைத் தாண்டிப் புணஜனூர் வந்தால் காடு தொடங்கிவிடும். கர்நாடகம் எங்கே முடிந்தது, தமிழ்நாடு எங்கே தொடங்கியது என்று போர்டு சொன்னால்தான் தெரியும். மரத்துக்கும் மானுக்கும் தெரியாது.

மனுஷர்களுக்கும் அவ்வளவாகத் தெரியாது. இந்தப் பக்கம் தாளவாடியில் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள். கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊரான தொட்டகாஜனூர் இங்கேதான். 2000 ஜூலையில் வீரப்பன் அவரைக் கடத்திப் போனதும், 108 நாள் இரண்டு மாநிலமும் தூங்காமல் இருந்ததும் அந்த வீட்டில் இருந்துதான். அந்தப் பக்கம் கொள்ளேகால் தாலுகா நம் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலம் பிரித்தபோது மைசூர் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. ஒரு தாலுகா பூராவும், ஒரு என்.ஓ.சி. கூட இல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே மாநிலம் மாறியது. ஒற்றை பைக்குக்குத்தான் இத்தனை பாரம்.

காரப்பள்ளம் பக்கம் வந்தபோது ஒரு கரும்பு லாரி நின்றது. பின்னால் நாங்களும் நின்றோம். டிரைவர் ஹாரன் அடிக்காமல் பவ்யமாக உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தால், ஒரு யானை. கூடவே குட்டி. லாரியின் பின்பக்கம் நிதானமாக வந்து தும்பிக்கையை நீட்டி ஒரு கட்டு உருவிக்கொண்டது. பிறகு இன்னொரு கட்டு. இந்தப் பாதையில் கரும்பு லாரிக்காரர்களுக்கு இது பழகிப்போன வரி. மாநில எல்லையில் இருந்த விற்பனை வரி செக்போஸ்ட்டுகள் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் போய்விட்டன, இந்த செக்போஸ்ட் மட்டும் யாராலும் எடுக்க முடியாதது. ரசீது கிடையாது, ரீஃபண்ட் கிடையாது. நண்பர் எஞ்சினை அணைத்தார். எங்கள் வாழைப்பழத்தை நான் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். இருபது நிமிஷம் கழித்து, கணக்குத் தீர்ந்ததும், அது குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போனது.

அந்த ரோட்டில் ராத்திரி 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை வெளியூர் வண்டிகள் போக முடியாது. புலிகள் காப்பகம் என்பதால் கோர்ட் உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் வந்த தடை. லாரிகளுக்கு அதற்கும் முன்னாலேயே கதவை மூடிவிடுவார்கள். ஆசனூரில் டீ குடித்துவிட்டுத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வந்தபோது நல்ல வெயில்தான். ஒவ்வொரு வளைவிலும் லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறின. நண்பர் பெரியவர் சொன்னபடியே, கிளட்ச், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், பிரேக், மறுபடி கிளட்ச் என்று வாத்தியம் வாசிப்பது போல இறக்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டது வளைவுக்கு ஒன்று வீதம் இருபத்தேழு.

பண்ணாரி செக்போஸ்ட்டில் எதிர்பார்த்தபடியே, "ஓரங்கட்டுங்க!"

"எங்கிருந்துங்க வர்றீங்க?"

"மைசூருங்க சார். வெலைக்கு வாங்கியாறோம். என்.ஓ.சி. இருக்குதுங்க."

காகிதங்களை வாங்கிய காவலர் அதைப் பார்க்காமல் வண்டியையே சுற்றி வந்தார். "எங்க சித்தப்பா ஒண்ணு வெச்சிருந்தாருங்க. இதே கலரு. ஒருக்கா உதைச்சுக் காட்டுங்க" என்றார். நண்பர் உதைத்தார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பிறகு பேப்பரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்பினார்.

ராத்திரி போன். "மரி, ஹோகி சேர்ந்தாயா? பேர் ஆய்த்தா?"

"இன்னிக்குத்தானுங்க சார் வந்தோம்."

"சரி, நாளைக்குக் கேக்கறேன்."

கேட்டார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் எந்த ஊர் என்பது வேண்டாம். எல்லா ஊரிலும் அதன் வாசல் ஒன்றுதான்: ஜெராக்ஸ் கடை, டீக்கடை, நிழலில் நிறுத்திய ஸ்கூட்டர் மேல் ஃபைலை விரித்து உட்கார்ந்திருக்கும் ஆலோசகர்கள். விண்ணப்பம், பணம் கட்டுவது எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். புது நம்பருக்குப் பாரம் 27, பெயர் மாற்ற 29, 30. புகைச் சான்று வேண்டும். 2000-க்கு முந்தைய பைக் என்பதால் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம் வரை விடுவார்கள். நம் ரோட்கிங் கரிபுரி எக்ஸ்பிரஸ் மாதிரிப் புகைந்தாலும் பாஸாகிவிட்டது. வண்டி வயசுக்குத் தகுந்தபடி இங்கே வரி, மேலே பசுமை வரி. அங்கே கட்டிய ஆயுள் வரியில் மிச்சம் திரும்பக் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். புது வண்டியாக இருந்தால், இங்கே பதிந்த அத்தாட்சியைக் காட்டி அந்த மாநிலத்தில் கேட்கலாம். முப்பது வயசைத் தாண்டிய வண்டிக்குக் கேட்டால் சிரிப்பார்கள். இன்னொன்றும் நண்பர்கள் கவனிக்கணும். 15 வயசு தாண்டிய பைக்கின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் கட்டணம் 1,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட்டில் 20 வயசு தாண்டியதற்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழசை வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எத்தனை கம்ப்யூட்டர் வந்தாலும் ஒரு காரியத்துக்கு வண்டியே நேரில் வந்து நிற்கணும். ஊரில் எல்லோரும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிடும் மோட்டார் வாகன ஆய்வாளர் அதைப் பார்க்கணும். அவர் பார்ப்பது பிரேக்கை அல்ல, நம்பரை. பிளேட்டில் இருப்பதையும் அல்ல. ஹேண்டில்பாருக்குக் கீழே வண்டியின் கழுத்தில், தொழிற்சாலையில் சுத்தியலால் பொறித்த சேஸிஸ் நம்பரை. பிளேட் நம்பர் சட்டை மாதிரி. சேஸிஸ் நம்பர் மச்சம்.

அவர் டார்ச் அடித்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"கடைசிக்கு முந்தின எழுத்து என்ன?"

"எட்டுங்க சார்."

"எனக்கு மூணாத் தெரியுது."

நண்பர் முகத்தில் ரத்தம் இல்லை. ஆர்.சி.யில் 8. என்.ஓ.சி.யில் 8. மைசூரில் எடுத்த பென்சில் பிரதியில் அந்த இடம் மட்டும் மங்கல். இரும்பில் 3 என்றால் இது வேறு வண்டி. கொடுத்த பணம் போச்சு, வண்டி பழைய இரும்பு, கூடவே போலீஸ் கேள்வி. எங்களுக்கு மட்டும் அல்ல. ஆர்.சி.யில் இன்னும் பெரியவர் பேர்தானே இருக்கிறது, அவருக்கும்.

"பில்லு இருக்குதுங்க சார், 92-ல வாங்கினது" என்றேன் நான்.

"பேப்பர்ல எது வேணாலும் இருக்கும் சார். இரும்புல என்ன இருக்குன்னு காட்டுங்க" என்றார் ஆய்வாளர். அவர் சொன்னது நியாயம். திருட்டு வண்டிக்காரனும் முதலில் காட்டுவது பேப்பரைத்தான்.

வெளியே வந்து முதல் தடவையாக நாங்களே பெரியவருக்குப் போன் போட்டோம். விஷயத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "எடப்பக்கம் தானே மறைஞ்சிருக்கு? எட்டோட எடப்பக்கம்?"

"ஆமாங்க சார்!"

"98-ல காம்பவுண்ட் சுவத்துல இடிச்சுட்டேன். பெயின்ட் அடிச்சவன் அங்க பட்டி வெச்சான். தேய்க்காதே மரி, தேய்ச்சா நம்பர் போயிடும். தின்னர்ல ஊற வை."

பக்கத்துப் பட்டறையில் ஒரு பெயின்ட்டர் பையன் கிடைத்தான். தின்னரில் நனைத்த பஞ்சைக் கழுத்தில் ஒட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்து ஊசியால் மெல்ல நெம்பினான். கறுப்பு பெயின்ட் போனது. அதற்குக் கீழே சிவப்பு. அதற்கும் கீழே காய்ந்த பட்டி, பொரி மாதிரி உதிர்ந்தது. சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தான். மூன்றுக்கு இடது பக்கம் இரண்டு வளைவு முளைத்தது. எட்டு!

ஆய்வாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தானே ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, என்.ஓ.சி.க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "பத்திரமா வெச்சுக்குங்க. இந்த இடத்துல இனி பட்டி வைக்காதீங்க" என்றார்.

அதற்கப்புறமும் சில வாரம் ஆனது. ஒரு நாள் தபாலில் அட்டை வந்தது. டி.என். நம்பர். சொந்தக்காரர் என்ற இடத்தில் நண்பர் பெயர். அவர் அதை போட்டோ எடுத்து மைசூருக்கு அனுப்பினார். அன்று ராத்திரி போன் வரவில்லை. நண்பருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை நாள் பழக்கம்.

மறுநாள் காலையில் வந்தது. "பார்த்தேன் மரி. ஹெசரு போயிடுச்சு. சந்தோஷம்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தோம். வைக்கவில்லை.

"காலையில குளிருல எத்தனை உதை வாங்குது?"

"மூணுங்க சார்."

"எனக்கு ரெண்டுதான்" என்றார். "சோக்கை முழுசா இழுக்கறயா?"

நண்பர் போனை ஸ்பீக்கரில் போட்டு டேங்க் மேல் வைத்துவிட்டு, சோக்கை முழுசாக இழுத்தார்.